வேலூரிலிருந்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்குச் சீர்ப்பணம் அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்து வங்கிகளுக்குப் பழக்கம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் பணம்தான். பேரணாம்பட்டில், ஆம்பூரில், வாணியம்பாடியில் வளைகுடாப் பணம் வராத தெரு குறைவு. சி.எம்.சி.யில் நர்ஸிங் படித்துவிட்டு இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போன பெண்கள், வி.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த பையன்கள் எனப் பணம் இந்தப் பக்கமாகவே வந்து பழகிவிட்டது. அதனால் ஒரு பாட்டி கவுன்ட்டரில் நின்று, "பேத்திக்குக் காது குத்துறாங்க, நூத்தியொரு டாலர் அனுப்பணும்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் ஒரு நிமிஷம் விழிக்கத்தான் செய்வார். பக்கத்தில் நிற்பவர் யாராவது, "அங்க சம்பாதிக்கிற பொண்ணுக்கு நீங்க ஏம்மா அனுப்பறீங்க?" என்றும் கேட்பார். தலை தீபாவளிச் சீரும் தாய்மாமன் சீரும் பொங்கல் வரிசையும் தேவை பார்த்துக் கொடுப்பவை அல்ல என்பது கேட்டவருக்கும் தெரியும்.

இந்த வழிகாட்டி சின்னத் தொகைக்கு மட்டும். ஆயிரம் ரூபாயிலிருந்து சுமார் ஒரு லட்சம் வரை. வீடு வாங்க உதவுவது, படிப்புச் செலவு, வெளிநாட்டில் முதலீடு ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அவற்றுக்கு ஆடிட்டரைப் பாருங்கள். சின்னத் தொகையில் சட்டச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. சிக்கல் கட்டணத்தில்தான். 50 லட்சம் அனுப்புகிறவருக்கு 1,500 ரூபாய் கட்டணம் கண்ணில் படாது. 5,001 ரூபாய் அனுப்புகிறவருக்கு அது சீரில் கால் பங்குக்கும் மேல். அதனால் வங்கிக்குக் கிளம்பும் முன்பே எந்த வழி என்று முடிவு செய்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

மகளுக்கோ மகனுக்கோ ஒரு போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, "உனக்கு இங்க என்.ஆர்.ஓ. கணக்கு இருக்கா?" (வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியப் பணத்துக்காக இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு அது.) இரண்டாவது, "இந்தப் பணத்தை அங்கேயே செலவு பண்ணப்போறியா, ஊருக்கு வரும்போது எடுத்துக்கறியா?" இந்த இரண்டுக்கும் வரும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். என்.ஆர்.ஓ. கணக்கு இருந்து, ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் நீங்கள் டாலர் பக்கமே போக வேண்டாம்.

சிங்கப்பூர் என்றால் தனி வழி ஒன்று உண்டு. அதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது. மற்ற நாடுகளுக்கு, அங்கேயே செலவழிக்கும் பணம் என்றால், வங்கி வழியாக ஸ்விஃப்ட் முறையில், அதாவது நாடுகளுக்கு இடையே வங்கிகள் பணச் செய்தி அனுப்பிக்கொள்ளும் வலையமைப்பு வழியாக, அனுப்ப வேண்டும். அல்லது தொகை ரொம்பச் சின்னது என்றால் கிஃப்ட் கார்டு வாங்கலாம்.

சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது?

ரிசர்வ் வங்கி 2004-இல் கொண்டுவந்த தாராளப் பணம் அனுப்பும் திட்டம்தான் இதற்கு அடிப்படை. வங்கியில் இதை எல்.ஆர்.எஸ். என்பார்கள். தொடங்கியபோது உச்சவரம்பு 25,000 டாலர். இப்போது ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஒருவருக்கு 2,50,000 டாலர். அன்பளிப்பு இந்தத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட நோக்கம். நாம் பேசும் தொகைக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை.

வரி பற்றிய பயம்தான் பலருக்கு. "20 சதவீதம் பிடிச்சுக்குவாங்களாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அன்பளிப்புக்கு அந்த 20 சதவீத டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு மட்டும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த எல்லை 7 லட்சமாக இருந்தது. அப்படியே பிடித்தாலும் அது வரிக் கணக்கில் திரும்பக் கேட்கக்கூடிய தொகை. 10,000 ரூபாய் அனுப்பும் பாட்டியிடம் யாராவது டி.சி.எஸ். பிடிக்க வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

வாங்குபவருக்கு வரி உண்டா என்பதில் மட்டும் ஒரு விசித்திரம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் உறவினர் யார் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. உறவை வாங்குபவர் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம். அம்மாவின், அப்பாவின் உடன்பிறந்தவர்களும் உண்டு. ஆகவே தாய்மாமன் அக்கா மகளுக்குக் கொடுத்தால் எவ்வளவு ஆனாலும் அவளுக்கு வரி இல்லை. அதே அக்கா மகள் மாமாவுக்குக் கொடுத்தால், மாமாவின் பட்டியலில் அக்கா மகள் இல்லை! அத்தை மகன், சித்தப்பா மகன் இவர்களும் பட்டியலுக்கு வெளியே. பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து வருவது ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரிப் பேச்சு வரும். கல்யாணத்தன்று மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு அதுவும் இல்லை. சீர் வைக்கிற அளவில் இது பெரும்பாலும் தொடாது. இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வழி: ரூபாயாகவே கொடுப்பது

எனக்குக் கேட்டால் சின்னத் தொகைக்கு இதுதான் முதல் வழி. பலர் இதை யோசிப்பதே இல்லை, பணம் வெளிநாட்டுக்குப் போனால்தான் அனுப்பியதாகக் கணக்கு என்று நினைக்கிறார்கள்.

வெளிநாட்டில் குடியிருக்கும் நெருங்கிய உறவினருக்கு இந்தியாவில் இருப்பவர் ரூபாயிலேயே அன்பளிப்புக் கொடுக்கலாம். காசோலை என்றால் கோடு போட்டதாக இருக்க வேண்டும். இல்லை என்றால் நெஃப்ட், யூபிஐ போன்ற மின்னணு வழி. பணம் போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கு. என்.ஆர்.இ. கணக்கில் போடக் கூடாது. அந்தக் கணக்கு வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கானது. இரண்டு கணக்கையும் ஒரே வங்கியில் வைத்திருக்கும் பிள்ளைகள் அதிகம் என்பதால் எண்ணை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். "இது ஓ-வா, இ-யா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அப்புறம் அனுப்புங்கள்.

செலவு? ஆன்லைனில் சேமிப்புக் கணக்கிலிருந்து நெஃப்ட் செய்தால் கட்டணம் இல்லை. யூபிஐக்கும் இல்லை. 1,001 ரூபாய் போட்டால் 1,001 ரூபாய் போய்ச் சேரும். பான், படிவம், பரிமாற்ற விகிதம் என்று எதுவும் குறுக்கே வராது. 2023 முதல் சில நாடுகளின் கைப்பேசி எண்ணோடும் என்.ஆர்.ஓ. கணக்கை யூபிஐயில் இணைக்க முடிகிறது; அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், எமிரேட்ஸ், சௌதி, கத்தார், ஓமன், ஹாங்காங் ஆகியவை முதல் பட்டியலில் இருந்தவை. மகள் அப்படி இணைத்திருந்தால், காட்பாடியில் பால் வாங்கக் காசு போடும் அதே ஆப்பிலேயே துபாயில் இருப்பவளுக்கும் சீர் போடலாம். பணம் இருப்பது என்னவோ காட்பாடிக் கிளையில்தான்.

இங்கே இரண்டு கவனம்.

ஒன்று, நெருங்கிய உறவினர் என்பதற்கு இந்த விதியில் வேறு பட்டியல். கம்பெனிகள் சட்டம் 2013 சொல்லும் உறவுகள்தான் கணக்கு: கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, கூட்டுக் குடும்ப உறுப்பினர். பேரன் பேத்தி இதில் இல்லை, தாய்மாமனும் இல்லை. அதனால் பேத்தியின் பெயரில் போடாமல் மகளின் என்.ஆர்.ஓ. கணக்கில் போடுங்கள். தாய்மாமன் சீரை மாமா தன் அக்காவிடம், அதாவது பெண்ணின் அம்மாவிடம், இங்கேயே கொடுத்துவிட வேண்டியதுதான். அம்மா தன் கையால் மகளுக்குப் போடுவார். சீர் எப்படியும் அக்கா வீட்டு வாசலில்தானே இறங்கும்.

இரண்டு, வெளிநாடு போய் வருஷக்கணக்கான பிறகும் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கையே வைத்திருப்பவர்கள். குடியிருப்பு நிலை மாறியதும் அதை என்.ஆர்.ஓ.வாக மாற்றச் சொல்ல வேண்டும் என்பது விதி. சீர் போடும் சாக்கில் இதையும் மகளிடம் நினைவுபடுத்திவிடுங்கள். கடவுச்சீட்டு, விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று என்று சில காகிதங்கள்தான் கேட்பார்கள்.

இந்தப் பணம் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கோ, ஆடிக் கிருத்திகைக்கோ அவர்கள் வரும்போது செலவாகும். பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் இதில் நடக்கும். வேண்டும் என்றால் வரி கட்டியதற்கான காகிதத்தோடு வெளியேயும் எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூருக்கு மட்டும்: யூபிஐ வழி

2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யூபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ் முறையையும் இணைத்தார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது உள்ளூர்ப் பரிமாற்றம் போலச் சுலபமாக இருக்கும் இடம் இது. தொடங்கிய அன்றே இங்கிருந்து அனுப்பும் வசதி கொடுத்த நான்கு வங்கிகள்: ஸ்டேட் பேங்க், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. நம் மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேரின் பாஸ்புக் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

செய்முறை இது. உங்கள் வங்கியின் சொந்த ஆப்பில் போங்கள்; கடைகளில் பயன்படுத்தும் பொது யூபிஐ ஆப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதில் வெளிநாட்டுப் பரிமாற்றம் என்ற பகுதியில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்து, மகனின் பேநவ்வில் பதிந்த கைப்பேசி எண்ணைப் போட வேண்டும். நோக்கம் கேட்கும், அன்பளிப்பு என்று கொடுங்கள். எத்தனை சிங்கப்பூர் டாலர் போகும், எத்தனை ரூபாய் கழியும் என்று திரையில் காட்டிய பிறகே பின் நம்பர் கேட்கும். பெயர் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் என்ற எல்லையோடு இது தொடங்கியது. சீருக்கு அது தாராளம்.

ஆப்பில் அந்தப் பகுதி தெரியவில்லை என்றால் முதலில் ஆப்பைப் புதுப்பியுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் கிளையில் கேளுங்கள். மகனின் சிங்கப்பூர் வங்கி இந்த இணைப்பில் இருக்கிறதா என்று அவனையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

வங்கி வழியாக, ஸ்விஃப்ட் முறையில்

மற்ற நாடுகளுக்கு, அங்கேயே கணக்கில் விழ வேண்டும் என்றால் இதுதான் வழி. இங்கேதான் காசு கரையும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளையைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குங்கள். எல்லாக் கிளையிலும் அந்நியச் செலாவணி வேலை நடக்காது. அணைக்கட்டிலோ ஒடுகத்தூரிலோ உள்ள கிளையில் கொடுத்தால் அவர்கள் வேலூருக்கு அனுப்பி வைப்பார்கள், நாள் போகும். நேராக நகரத்தின் பெரிய கிளைக்குப் போவது நல்லது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. தோல், ஷூ ஏற்றுமதி நடக்கும் ஊர்கள் என்பதால் அங்குள்ள கிளைகளில் ஃபாரெக்ஸ் மேசை தினசரி வேலையாக இருக்கும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் படிவம் ஏ2 என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முதலில் போன் செய்து, "ஃபாரெக்ஸ் ஆபீசர் இன்னிக்கு இருக்காரா, எத்தனை மணி வரைக்கும் எடுத்துக்குவீங்க?" என்று கேளுங்கள். மதியத்துக்கு மேல் போனால் அன்றைய விகிதம் கிடைக்காமல் மறுநாளைக்குத் தள்ளிவிடும் கிளைகள் உண்டு.

அடுத்து பான். எல்.ஆர்.எஸ். வழியாகப் பத்து டாலர் அனுப்பினாலும் அனுப்புபவரின் பான் கட்டாயம். பாட்டியிடம் பான் இல்லை என்றால் பிள்ளை தன் பானைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. பணம் யார் கணக்கிலிருந்து போகிறதோ அவர் பான்தான் வேண்டும். ஆதாரில் கைப்பேசி எண் இணைந்திருந்தால் வருமான வரித் துறையின் தளத்தில் இ-பான் இலவசமாகவே கிடைக்கும். இதற்காக ஏஜென்ட்டுக்கு 500 ரூபாய் கொடுப்பது வீண்.

வாங்குபவரின் விவரங்களில்தான் பெரும்பாலான பணம் திரும்பி வருகிறது. குறிப்பாகப் பெயர். நம்மிடம் இனிஷியல்; அவர்களிடம் குடும்பப் பெயர். வீட்டில் "ப. ரேவதி" என்பது அமெரிக்க வங்கியில் "ரேவதி பழனி" என்று இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு மாறியும் இருக்கலாம். கடவுச்சீட்டில் இருக்கும் பெயர்கூட முக்கியமில்லை. அந்த வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகள்தான் வேண்டும். போனில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளாதீர்கள். வங்கி ஆப்பிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

நாட்டுக்கு நாடு கேட்கும் எண்கள் வேறு. அமெரிக்கா என்றால் கணக்கு எண்ணோடு ஒன்பது இலக்க ரூட்டிங் எண். வெளிநாட்டு வயருக்கு என்று தனி ரூட்டிங் எண் வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கிலாந்துக்கு 22 எழுத்து ஐபான் (பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்), எமிரேட்ஸுக்கு 23, சௌதிக்கு 24, கத்தாருக்கு 29, குவைத்துக்கு 30. எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் போகாது. ஆஸ்திரேலியாவுக்கு ஆறு இலக்க பி.எஸ்.பி. (வங்கிக் கிளைக் குறியீடு), கனடாவுக்கு டிரான்சிட் எண்ணும் வங்கி எண்ணும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஸ்விஃப்ட் குறியீடு, வங்கியின் பெயர், வாங்குபவரின் முழு முகவரி.

கிளையில் நடப்பதை வரிசையாகச் சொன்னால்:

1. படிவம் ஏ2-வும் எல்.ஆர்.எஸ். உறுதிமொழியும் தருவார்கள். பல வங்கிகளில் இரண்டும் ஒரே தாள். இந்த நிதியாண்டில் இதற்கு முன் எங்கே, எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேட்கும். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

2. நோக்கக் குறியீடு எஸ்1302, அதாவது தனிப்பட்ட அன்பளிப்பு. கவுன்ட்டரில் அவசரத்தில் வேறு குறியீடு போட்டுவிடுவதும் உண்டு, எட்டிப் பாருங்கள். மகன் அங்கே படித்துக்கொண்டிருக்கிறான், இது அவன் வாடகைக்கு என்றால் அது அன்பளிப்பு ஆகாது. உண்மையான நோக்கத்தைச் சொல்லி அதற்குரிய குறியீட்டைப் போடச் சொல்லுங்கள்.

3. எந்த நாணயம் என்று கேட்பார்கள். இங்கிலாந்துக்குப் பவுண்டாகவே, ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்திரேலிய டாலராகவே அனுப்புங்கள். அமெரிக்க டாலராக அனுப்பினால் அங்கே இன்னொரு முறை மாற்றி இன்னொரு கழிவு விழும்.

4. விகிதம். பலகையில் பல விகிதங்கள் இருக்கும். கம்பி வழி அனுப்பும் பணத்துக்கு டி.டி. (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) செல்லிங் விகிதம். நோட்டாக வாங்கும் விகிதத்தைப் போடுகிறார்களா என்று கவனியுங்கள், அது எப்போதும் கூடுதல்.

5. கட்டணத்தை யார் ஏற்பது என்ற கேள்வி. இதைக் கேட்காமலேயே படிவத்தில் டிக் போட்டுவிடுவார்கள். ஓ.யூ.ஆர். என்றால் எல்லாம் உங்கள் செலவு. எஸ்.எச்.ஏ. என்றால் இங்கே உள்ள கட்டணம் உங்களுக்கு, வழியில் உள்ள வங்கிகளின் கட்டணம் போகும் தொகையிலிருந்து கழியும். பி.இ.என். என்றால் எல்லாமே வாங்குபவர் தலையில்.

மொய்க்கு ஓ.யூ.ஆர். போடுங்கள். 101 என்று அனுப்பி அங்கே 83 டாலர் 40 சென்ட் வந்து விழுந்தால் அது சீர் மாதிரியா இருக்கும்? கொஞ்சம் கூடச் செலவானாலும் முழுத் தொகை போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

6. கிளம்பும் முன் ரசீதும், ஸ்விஃப்ட் செய்தியின் நகலும் கேட்டு வாங்குங்கள். நகல் மறுநாள்தான் வரும் என்றால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

சில கிளைகளில், வெளிநாட்டுக்குப் போகும் பணத்தை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் 15சி.ஏ. படிவமும் ஆடிட்டர் சான்றும் கேட்பார்கள். தனிநபர் உறவினருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு அது பொதுவாகத் தேவையில்லை. "எல்.ஆர்.எஸ்.ல கிஃப்ட்டுங்க சார், எஸ்1302" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பிடிவாதம் பிடித்தால் மேனேஜரைப் பார்ப்பது ஆடிட்டருக்குப் பணம் கட்டுவதைவிட மலிவு.

பெரும்பாலான பெரிய வங்கிகள் இதையே நெட் பேங்கிங்கிலும் வைத்திருக்கின்றன. வீட்டில் யாராவது கம்ப்யூட்டர் தெரிந்தவர் இருந்தால் அதுவே நல்லது. கட்டணமும் பல இடங்களில் குறைவு, கட்டணம் யாருக்கு என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

எவ்வளவு கரைகிறது: ஒரு கணக்கு

டாலர் சந்தையில் 90 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வங்கி 91.50 கேட்கிறது. அனுப்பும் கட்டணம் 500. இவை உதாரண எண்கள், உங்கள் வங்கியில் வேறாக இருக்கும். ஜி.எஸ்.டி. மட்டும் விதிப்படி: கட்டணத்துக்கு 18 சதவீதம், அதோடு நாணயம் மாற்றியதற்குத் தனி. அந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையின் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து, அது 250 ரூபாய்க்குக் குறைந்தால் 250 என்றே வைத்து, அதன்மேல் 18 சதவீதம். ஆக 2,000 ரூபாய் மாற்றினாலும் 25,000 ரூபாய் மாற்றினாலும் அதே 45 ரூபாய்.

101 டாலருக்கு 9,241.50. கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90, மாற்றியதற்கு 45. உங்கள் கணக்கில் கழிவது ஏறக்குறைய 9,877 ரூபாய். எஸ்.எச்.ஏ. போட்டு வழியில் 20 டாலர் பிடித்தார்கள் என்றால் பேத்திக்குப் போவது 81 டாலர். சந்தை விலையில் 7,290 ரூபாய். இடையில் கரைந்தது 2,587. கால் பங்குக்கும் மேல்!

இதே செலவு 1,001 டாலருக்கு ஏறக்குறைய இதே அளவுதான், விகித வித்தியாசமும் நாணயம் மாற்றுவதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும் கூடும். அதனால் ஸ்விஃப்ட்டில் அனுப்புவது என்றால் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை என்று பிரிக்காமல், வருஷத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பிவிட்டு, "இது தீபாவளிக்கு, இது குழந்தை பிறந்தநாளுக்கு" என்று போனில் பிரித்துச் சொல்லிவிடலாம். 25,000 ரூபாய்க்குக் குறைந்த தொகையை நான் ஸ்விஃப்ட்டில் போடச் சொல்ல மாட்டேன்.

ஐயாயிரத்துக்குள் என்றால்: கிஃப்ட் கார்டு

பேரனுக்கு 50 டாலர் போதும், அவன் பொம்மை வாங்கிக்கொள்ளட்டும் என்றால் அந்த நாட்டுக் கடையின் தளத்திலேயே கிஃப்ட் கார்டு வாங்கி அவன் அம்மாவின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். இந்தியத் தளத்தில் வாங்கிய கார்டு அமெரிக்கத் தளத்தில் செல்லாது, அதனால் அந்த நாட்டுத் தளம்தான். உங்கள் டெபிட் அல்லது கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வாங்கி முடித்ததும் திரும்ப மூடிவிடுங்கள். உள்நாட்டுக்கு மட்டுமான கார்டு என்றால் இது நடக்காது. கழிவு 3.5 சதவீதம் என்று வைத்தாலும் ஜி.எஸ்.டி.யோடு 4,500 ரூபாய்க்கு 190 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கையில் பணமாகக் கொடுத்த நிறைவு இதில் இல்லை என்று பாட்டிகள் சொல்வார்கள். நியாயம்தான்.

போகக் கூடாத வழிகள்

உண்டியல். இங்கே ஒருவரிடம் ரூபாய் கொடுத்தால் அங்கே அவர் ஆள் திர்ஹாமோ ரியாலோ கொண்டுபோய்க் கொடுப்பார், கட்டணமும் குறைவு. வளைகுடாப் போக்குவரத்து உள்ள நம் ஊர்களில் இது யாருக்கும் புதிதல்ல. ஆனால் இது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது. சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பணம் போய்ச் சேரவில்லை என்றால் கேட்க ஆளும் இல்லை.

வெளிநாட்டுத் தபால் உறையில் நோட்டை வைப்பது வேண்டாம். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடலாமா என்றால், இந்திய நோட்டு ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் வெளியே கொண்டுபோகலாம். அவர் தன் வழிச்செலவுக்கும் அதிலேதான் வைத்திருப்பார். அங்கே அதை மாற்றினால் விகிதமும் அடிமாட்டு விலைதான்.

பஜாரில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றப் பலகை தொங்கும் கடைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் கடைகள் நடத்தும் எம்.டி.எஸ்.எஸ். திட்டம் வரும் பணத்துக்கு மட்டுமே. அதன் வழியாக இங்கிருந்து அனுப்ப அனுமதி இல்லை.

இன்னொன்று. "உங்க மகள் அனுப்பின பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு" என்றோ, மகன் குரலிலேயே அழுதுகொண்டு பணம் கேட்டோ போன் வந்தால், வைத்துவிட்டு மகளின் பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

நாள் பார்த்து அனுப்புவது

ஸ்விஃப்ட் பணம் ஒன்றிலிருந்து நான்கு ஐந்து வேலை நாளில் சேரும். வேலை நாள் என்பது இரண்டு நாட்டுக்கும் பொதுவான நாள். நமக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் ஞாயிறும் விடுமுறை. சௌதியில் வெள்ளியும் சனியும். எமிரேட்ஸ் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆகச் சௌதிக்கு வியாழக்கிழமை அனுப்பினால் ஞாயிறு இங்கே மூடல், வெள்ளி சனி அங்கே மூடல் என்று திங்கள் வரை அப்படியே நிற்கும். தீபாவளி, பொங்கல் என்றால் ஒரு வாரம் முன்னால் அனுப்பிவிடுங்கள். பொங்கலுக்கு நம் வங்கிகளும் வரிசையாக மூடும் என்பதை மறக்க வேண்டாம்.

போய்ச் சேரவில்லை என்றால்

ஐந்து வேலை நாள் பொறுங்கள். அப்புறம் ஸ்விஃப்ட் நகலை மகளுக்கு அனுப்பி அவள் வங்கியில் காட்டச் சொல்லுங்கள். அதில் யூ.இ.டி.ஆர். என்று 36 எழுத்துகள் கொண்ட ஓர் எண் இருக்கும். அதை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் பார்க்க முடியும். பெயரோ எண்ணோ தவறு என்றால் திருத்தம் அனுப்பச் சொல்லி இங்கே எழுதிக் கொடுங்கள், அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. பணம் திரும்பி வந்தால் அன்றைய வாங்கும் விகிதத்தில் ரூபாயாக மாற்றுவார்கள் என்பதால் போட்ட தொகை முழுதாகத் திரும்பாது.

கிளை பதில் சொல்லவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புதல் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. ரசீது, ஏ2 நகல், ஸ்விஃப்ட் நகல், வங்கிக்கு எழுதிய கடிதம் ஆகிய நான்கையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். படிவம் பாதியில் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.